அந்தமான்: அரையாண்டு லீவிலா, மார்ச்சிலா?

நெய்தல்: ஆறு நாள் பயணம். நாங்கள் இருவர், 9 வயதுப் பையன். ஹேவ்லாக், நீல் தீவுகள் இரண்டும் பார்க்க வேண்டும், ஸ்நார்க்கலிங்தான் (மூச்சுக்குழாய் மாட்டி நீர்மட்டத்தில் மிதந்தபடி பவளம் பார்ப்பது) முக்கியம். அரையாண்டு லீவில் போகலாமா?

பாய்மரம்: வேண்டாம். மார்ச் முதல் பாதிதான் சரி. பிப்ரவரி கடைசியில் வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக்காற்று அடங்கிவிடும், தென்மேற்குப் பருவமழை வழக்கமாக மே மூன்றாவது வாரம்தான் அங்கே எட்டிப்பார்க்கும் (2025-இல் மே 13-ஆம் தேதியே வந்துவிட்டது). நடுவில் அலை அடங்கி, மணல் கலங்காமல், தண்ணீருக்குள் பளிச்சென்று தெரியும். டிசம்பரில் வங்கக்கடலை நம்ப முடியாது. 2016 டிசம்பரில், பிறகு வர்தா புயலாக மாறிச் சென்னையைத் தாக்கிய அதே தாழ்வு மண்டலம்தான் ஆயிரம் சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் ஹேவ்லாக்கில் முடக்கிப் போட்டது. கடற்படைக் கப்பல் போய்த்தான் மீட்டது.

மணல்வீடு: முழு ஆண்டுத் தேர்வு நெருங்குற நேரத்துல பையனை எப்படிங்க கூட்டிட்டுப் போறது? 2016-ல நடந்தது டிசம்பர் முதல் பாதி. அரையாண்டு லீவு டிசம்பர் கடைசி வாரம். அதுக்குள்ள புயல் வாய்ப்பு நல்லாவே குறைஞ்சிடும். காற்று எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதுன்னும் பாருங்க. ஹேவ்லாக்ல ராதாநகர் பீச் மேற்குக் கரை. வாடைக்காற்றைத் தீவே மறைச்சுடும், குழந்தை குளிக்கலாம். கிழக்கே விஜயநகர் கடற்கரைப் பக்கம்தான் சலசலன்னு இருக்கும். ஸ்நார்க்கலிங் பண்ற எலிஃபென்ட் பீச்சும் வடமேற்குலதான் இருக்கு.

சாரல்: ஜூலையில் போனால் அறை வாடகை நன்றாகவே இறங்கியிருக்கும், கூட்டமும் இல்லை. யாரும் சொல்லவே மாட்டேன் என்கிறீர்கள்!

மணல்வீடு: ஜூலைல காற்று தென்மேற்கு. அதே ராதாநகர்லதான் அலை தூக்கியடிக்கும், குளிக்க விடமாட்டாங்க. மழை பார்க்க மட்டும்னா தாராளமா போங்க. கேட்டவர் கேட்டது ஸ்நார்க்கலிங்.

பாய்மரம்: கரை அமைதி சரி. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் வடகிழக்கே இருக்கிறது. வாடைக்காற்று அலை படகின் மூக்கிலேயே மோதும், ஒன்றரை மணி நேரமும் வாந்திதான். போதாததற்கு டிசம்பர் 24 முதல் புத்தாண்டு வரை வாடகை உச்சம், படகு டிக்கெட்டும் தீர்ந்திருக்கும்.

மணல்வீடு: வாந்திக்கு வழி இருக்கு. காலைப் படகு, கீழ்த்தளம், பின்வரிசை. குலுக்கல் அங்கேதான் கம்மி. வெறும் வயிறு கூடாது, ரெண்டு இட்லி போதும். மாத்திரையைக் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும், தலை சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டுப் பிரயோஜனமில்லை. பையனுக்கான அளவை டாக்டர்கிட்ட கேளுங்க. டிக்கெட் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம்தான், விமானத்தோட சேர்த்தே படகையும் எடுத்துடணும்.

பாய்மரம்: அப்படியே போவதானால் வரிசையை மாற்றுங்கள். இறங்கியதும் தீவுகளுக்குப் போய்விட்டு, கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வையுங்கள். நீலிலிருந்து திரும்பும் அன்றே விமானம் போட்டால், ஒரு படகு ரத்தானாலே விமானக் காசு போச்சு. மாலை நேரத்தையும் நம்பாதீர்கள். அங்கேயும் நம் கடிகாரம்தான், ஆனால் டிசம்பரில் ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும்.

நெய்தல்: ஏப்ரல், மே கோடை விடுமுறையில் போனால்?

பாய்மரம்: கடல் அமைதிதான், ஆனால் தண்ணீர் சூடு. 2010, 2016 இரண்டு கோடையிலும் சூடு தாங்காமல் பவளம் வெளுத்துப்போனது. மே பாதிக்கு மேல் மழை அபாயமும் சேரும். ஏப்ரல் கடைசிக்குள் முடித்தால் பரவாயில்லை.

மணல்வீடு: தேதி எதுவானாலும் பஞ்சாங்கத்தைப் பாருங்க. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்ற இறக்கம் ரெண்டு மீட்டர் வரை போகும், நீரோட்டமும் கலங்கலும் அதிகம். ஸ்நார்க்கலிங்குக்கு அட்டமி வாக்கில நல்லது, அதுவும் நீர் ஏறியிருக்கும்போது; வத்தின நேரத்துல பையன் காலால பவளத்தை உதைப்பான், காலும் கிழியும். நீல்ல இருக்கிற இயற்கைப் பாலம் நேர்மாறு, வத்தினாத்தான் நடந்து போக முடியும். வத்தற நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். முந்தின நாள் பார்த்த நேரத்தை நம்பிப் போய் நிக்காதீங்க.