உடம்பு வைப்பது வம்சத்தாலா, வாயாலா? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோவைக்காரி:
எங்கள் வீட்டில் பெரியம்மா, அத்தை, நான் எல்லோருமே கனத்த உடம்பு. கல்யாண வீட்டுக்குப் போனால் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. "உங்க வம்சமே அப்படித்தானே" என்று ஆரம்பிப்பவர், பாயசம் வருவதற்குள் "கொஞ்சம் வாயைக் கட்டினா சரியாயிடும்" என்று முடிப்பார். இரண்டில் எதையாவது ஒன்றைச் சொல்லுங்களேன்! உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ கண்ணால் பார்த்தது இருந்தால் எழுதுங்கள். டயட் சார்ட் வேண்டாம், என்னிடமே நிறைய இருக்கிறது.

டெல்டா ஆள்:
என் சித்தியும் சித்தப்பாவும் ஒல்லி. அவர்கள் தத்தெடுத்த பெண் பள்ளிக்கூடம் போகும் முன்பே நல்ல கனம். அந்த வீட்டில் பொரித்த பண்டம் தீபாவளிக்குத்தான். சாயந்திரம் ஆனால் சுண்டல். ஆனாலும் சொந்தக்காரர்கள் விடவில்லை: "ஒத்தப் பிள்ளைன்னு ஊட்டி ஊட்டிக் கெடுத்துட்டா." சித்தி அதைக் கேட்டுக்கேட்டே அவளுக்குச் சோற்றை அளந்து போட ஆரம்பித்தார். அது பார்க்கச் சகிக்கவில்லை. அந்தப் பெண் பசியோடு எழுந்து போவாள், உடம்பு மட்டும் அப்படியே இருக்கும்.

பிறகு பார்த்த ஒரு டாக்டர் டென்மார்க் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1986இல் வெளிவந்தது. தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து ஆளான 540 பேரை எடுத்து, அவர்கள் உடம்பு யாரை ஒத்துப்போகிறது என்று பார்த்திருக்கிறார்கள். பெற்றவர்களின் பருமனோடு ஒத்துப்போயிற்று. வளர்த்தவர்களோடு ஒரு தொடர்பும் தெரியவில்லை. சித்தி முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை ஒரு சீட்டுல எழுதித் தருவீங்களா டாக்டர், என் நாத்தனாருக்குக் காட்டணும்" என்றார்.

அளந்து போடுவது அன்றோடு நின்றது. இப்போது தாயும் மகளும் சேர்ந்து நடக்கப் போகிறார்கள். பெண் இன்னும் கனம்தான். சர்க்கரை, பிரஷர் ஒன்றும் இல்லை.

பழைய வாத்தியார்:
வம்சம் என்றால் என் பாட்டிக்கும் இருந்திருக்க வேண்டுமே? நாற்று நட்டு, களை பறித்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டிய மனுஷி. எலும்பும் தோலும். அவர் பேத்தி, என் அக்கா, திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு பெல் அடிக்கும்வரை எழ முடியாது. ஷிப்மெண்ட் நெருங்கினால் ராத்திரியும் வேலை. டீயும் பன்னும் மெஷினுக்கே வரும், இரவு பரோட்டா பார்சல். கல்யாணத்தில் இருந்த அக்காவையும் இப்போதைய அக்காவையும் பக்கத்தில் வைத்தால் அடையாளம் தெரியாது. அதே கம்பெனியில் கைமடி வேலைக்கு நாள் முழுவதும் நிற்கிறவர்கள் பெரும்பாலும் ஒல்லி. (வயதும் அவர்களுக்குக் குறைவு, அதையும் சொல்ல வேண்டும்.)

தமிழ்நாட்டுப் பெண்களில் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) 25ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்கள் 2015-16 குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30.9 சதவீதம். 2019-21இல் 40.4. ஐந்து வருஷத்தில் மரபணுவா மாறும்?

இன்னொன்று. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பீமா என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஹீலா ஆற்றுத் தண்ணீரை ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் திருப்பிக்கொண்டதில் விவசாயம் போயிற்று. அப்புறம் அரசாங்கம் கொடுத்த மாவும் கொழுப்பும் சர்க்கரையும்தான் சாப்பாடு. அவர்களுடைய இனத்தாரே எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோ மலையில், மெஷின் இல்லாமல் உழுது மக்காச்சோளமும் பீன்ஸும் விளைவிக்கிறார்கள். 2006இல் வந்த ஆய்வில் அரிசோனா பீமாக்களில் 38 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், மெக்சிகோ பக்கம் 6.9. உடல் பருமனிலும் இப்படியே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ரத்தம் ஒன்று, ஊர்தான் வேறு.

டெல்டா ஆள்:
சார், நீங்கள் சொல்வதும் நான் சொன்னதும் மோதவில்லையே. ஒரு ஊரே ஏன் கனத்தது என்று கேட்டால் ஆறும் மில்லும் பரோட்டாவும்தான் பதில். ஒரே ஊரில், ஒரே சாப்பாட்டில், என் தங்கை ஏன் கனத்தாள், நான் ஏன் கனக்கவில்லை என்று கேட்டால் அங்கே வம்சம் வருகிறது. உங்கள் அக்கா பக்கத்து மெஷினில் ஒல்லியான டெய்லர் ஒருவர்கூட இல்லையா?

பழைய வாத்தியார்:
இருக்கிறார். அக்காவின் பார்சலிலும் பாதி அவருக்குத்தான் போகும் :)

மெஸ் சாப்பாடு:
ஹாஸ்டலில் நானும் ரூம்மேட்டும் ஒரே மெஸ், ஒரே மேசை. படிப்பு முடிவதற்குள் அவனுக்குச் சட்டை சைஸ் மாறியது, எனக்கு மாறவில்லை. கனடாவில் 12 ஜோடி ஒரே உருவ இரட்டையர்களுக்கு நூறு நாளில் 84 நாள், தினமும் ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வந்த ஆய்வு. ஒருவருக்கு 4 கிலோதான் ஏறியது, இன்னொருவருக்கு 13. ஆனால் கூடப் பிறந்த ஜோடிக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. இது தெரிந்த பிறகு அவனை 'டேய் குண்டா' என்று யார் கூப்பிட்டாலும் எரிச்சல் வருகிறது.

நைட் டியூட்டி:
நான் நர்ஸ். இங்கே யாரும் சொல்லாத இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, மருந்து. மனநலப் பிரிவில் ஒலான்சபின் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு மளமளவென்று எடை ஏறியது. அது மனநோய்க்கான மாத்திரை, பசியைத் தூண்டுவது அதன் பக்கவிளைவு. வீட்டுக்காரர் "தின்னே ஊதிட்டா" என்று வார்டிலேயே சத்தம் போட்டார். அந்தப் பெண்மணி யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தி, பழைய நிலைக்குப் போய்த் திரும்ப வந்து படுத்தார். மருந்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இதே வசவுதான்.

இரண்டாவது, ஒல்லிகள். கை கால் குச்சியாக, சட்டைக்குள் சின்னத் தொப்பையோடு வருவார்கள். சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "நான் ஒல்லிதானே சிஸ்டர், எனக்கு எப்படி?" என்பார்கள். புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யட்கினோடு நிற்கும் படம் ஒன்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு நம்மவருக்கு 21.2 சதவீதம், அவருக்கு 9.1. அதனால்தான் இந்தியர்களுக்கு 23லிருந்தே அதிக எடை, 25லிருந்து பருமன் என்று வைத்திருக்கிறார்கள். நான் எடை மெஷினைவிட டேப்பைத்தான் நம்புகிறேன். இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. தொட்டுவிட்டால் சர்க்கரை பார்த்துவிடுங்கள், குண்டோ ஒல்லியோ.

கோவைக்காரி:
சிஸ்டர், டேப்பைத் தொப்புளில் வைப்பதா, பாவாடை கட்டும் இடத்திலா?

நைட் டியூட்டி:
இரண்டும் இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில். நாடாவைத் தளர்த்திவிட்டு, மூச்சை வெளியே விட்டபின் பாருங்கள். வயிற்றை எக்கக்கூடாது, அதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.