உயரம் ஆறடி மூன்று அங்குலம், குடும்பத்தில் ஐந்து பேர்: எந்த மாதிரி டென்ட் வாங்கலாம்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். உயரம் ஆறடி மூன்று அங்குலம், சென்டிமீட்டரில் 190. மனைவி, ஏழாவது படிக்கும் மகன், மூன்றாவது படிக்கும் மகள், அப்பா, நான் என்று ஐந்து பேர். சம்பா அறுவடை முடிந்து களம் காலியானதும் எங்கள் களத்துமேட்டில் டென்ட் போட்டு இரண்டு மூன்று ராத்திரி தங்குவதைப் போன வருடம் ஆரம்பித்தோம். இந்த வருடம் வேதாரண்யம் பக்கம் மாமனார் வீட்டுச் சவுக்குத் தோப்பிலும் தங்க வேண்டும் என்று பிள்ளைகள் இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரச்சினை என்னவென்றால், போன வருடம் வாங்கியது ‘நாலு பேர் டென்ட்’. அப்பா அப்போது வரவில்லை, சரியாக நாலு பேர்தான். நேராகப் படுத்தால் என் தலை ஒரு பக்கத் துணியில் முட்டியது, கால் மறுபக்கம் முட்டியது. மூலைக்கு மூலை படுத்துப் பார்த்தேன், அப்போது மற்றவர்களுக்கு இடம் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு விழித்தால் போர்வையின் கால்பக்கம் பிழிகிற அளவுக்கு ஈரம். மழை ஒரு தூறல்கூட இல்லை. டென்ட் ஒழுகுகிறது என்று நினைத்து மறுநாள் காலையில் நாலு வாளி தண்ணீரை மேலே ஊற்றினேன், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஏன் நனைந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி, தவழ்ந்து உள்ளே போக முடியாது. நடு உயரம் 2 மீட்டர், ஆறு பேர் என்று போட்டிருக்கிற ஒரு டென்ட் பார்த்து வைத்திருக்கிறேன். போதுமா? காரில்தான் கொண்டுபோவோம், கனமாக இருந்தாலும் பரவாயில்லை.

கல்லணைக்கால்வாய் எழுதியது:

தம்பி, நானும் ஆறடி இரண்டு அங்குலம். உங்கள் போர்வை கதை எனக்கும் நடந்ததுதான்.

அது ஒழுகல் இல்லை. நாலு பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சு, மண்ணிலிருந்து கிளம்புகிற ஈரம் எல்லாம், மழைக்காக உள்துணிக்கு மேலே போர்த்துகிற மேல்துணியின் உள்பக்கம் பட்டுக் குளிர்ந்து முத்து முத்தாக நிற்கும். தை மாதத்துப் பனியில் நம் பக்கம் இது கட்டாயம் நடக்கும். உள்துணியும் மேல்துணியும் ஒட்டாமல் இருக்கிறவரை அந்தத் தண்ணீர் மேல்துணி வழியாகவே கீழே இறங்கிவிடும். உங்கள் கால் உள்துணியைத் தள்ளி மேல்துணியோடு ஒட்ட வைத்திருக்கிறது, அந்த இடத்தில் ஊறிப் போர்வைக்கு வந்துவிட்டது. ஆக உயரமானவனுக்கு டென்டின் நீளம் குறைந்தால் இடநெருக்கடியோடு போகாது, நனையவும் வேண்டும்.

அதனால் நடு உயரத்தைப் பிறகு பாருங்கள், முதலில் படுக்கிற இடத்தின் நீளத்தைப் பாருங்கள். உங்களுக்கு 190. மல்லாந்து படுத்தால் பாதம் நீட்டிக்கொண்டு நிற்கும், தலைக்கு மேலே தலையணை கொஞ்சம் ஏறும், துணியில் படாமல் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சாண் இடைவெளி வேண்டும். கூட்டிப் பார்த்தால் குறைந்தது 220 வரும். அதுவும் சுவர் நேராக எழும்புகிற வீடு மாதிரி டென்டுக்குத்தான் இந்தக் கணக்கு. குவிமாடம் மாதிரி வளைந்த டென்டில் தரையில் 220 இருந்தாலும் மெத்தை போட்டு அதன்மேல் படுத்தால் முகம் இருக்கிற மட்டத்தில் சுவர் உள்ளே சாய்ந்துவிட்டிருக்கும். அதில் 240 இல்லாமல் வாங்காதீர்கள்.

‘ஆறு பேர்’ என்பதையும் நம்ப வேண்டாம். ஆளுக்கு 55, 60 சென்டிமீட்டர் அகலம் வைத்து, பை மூட்டை எதுவும் இல்லாமல் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கிற கணக்கு அது. ஐந்து பேருக்கு எட்டுப் பேர் டென்ட் என்று தேடுங்கள்.

நடு உயரம் 2 மீட்டர் என்பது வளைந்த டென்டில் நட்டநடுவில் மட்டும்தான். ஒரு எட்டு நகர்ந்தால் குனிய வேண்டும், சட்டை மாற்றுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நேர்ச்சுவர் டென்டில் ஓரம்வரை நடக்கலாம். அப்பாவுக்கு அதுதான் சரி, வாசல் உயரத்தையும் கேட்டு வாங்குங்கள், சிலவற்றில் உள்ளே உயரம் இருந்தும் வாசல் இடுப்பளவுதான் இருக்கும்.

சவுக்குத்தோப்பு எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் களத்துமேட்டுக்குச் சரி. கடற்கரைப் பக்கம் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. நேர்ச்சுவர் டென்ட் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறினபோது எங்கள் ஓட்டு வீடு போய்விட்டது, அதற்கப்புறம் ஒன்றரை மாதம் தார்ப்பாய்க்குள்தான் இருந்தோம். எந்தக் கயிறு அறும், எந்த முளை பிடுங்கும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டோம்.

டென்டோடு வருகிற முளைக்கம்பி மணலில் நிற்காது, கையாலேயே உருவிவிடலாம். வீட்டில் இருக்கிற யூரியா சாக்கில் பாதி மணல் போட்டு வாயைக் கட்டி, அதில் கயிற்றை முடிந்து முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். சாக்கு இல்லையா, தென்னைமட்டையை இரண்டு முழத்துக்கு வெட்டி நடுவில் கயிறு கட்டிக் குறுக்காகப் புதையுங்கள், அதுவும் பிடிக்கும். குறுகலான பக்கம் காற்றைப் பார்த்து இருக்கட்டும், எல்லாக் கயிறும் கட்டவேண்டும், ராத்திரி காற்று எழும்பின பிறகு எழுந்து கட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். குடும்ப டென்டில் கம்பி நீளம், அதனால் வளையும். ஃபைபர் கம்பி நாளடைவில் நாராய்ப் பிளக்கிறது, அலுமினியம் கிடைத்தால் கூடக் கொஞ்சம் கொடுத்தாவது வாங்குங்கள்.

களத்தில் தரை காய்ந்து இறுகியிருந்தால் முதல்நாள் சாயங்காலமே முளை அடிக்கிற இடத்தில் ஒரு குடம் தண்ணீர் விட்டு வையுங்கள், கம்பி வளையாமல் இறங்கும்.

தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம். நெற்று விழுந்தால் டென்ட் துணி என்ன தாங்கும்?

அரசலாறு எழுதியது:

வெண்ணாற்றங்கரை அண்ணா, நாங்கள் கும்பகோணம். என் வீட்டுக்காரரும் உயரம், இரண்டு தடவை தப்பான டென்ட் வாங்கித் திருப்பி அனுப்பினோம். மூன்றாவது தடவை வாங்குவதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் என்றால், இணையத்தில் போட்டிருந்த உள்தரை அளவை அப்படியே வீட்டு முற்றத்தில் கோலமாவால் கட்டம் போட்டேன். 300க்கு 220. ஐந்து பாயையும் விரித்து எல்லாரையும் படுக்கச் சொன்னேன். சின்னவன் ராத்திரி உருளுவான், அவனுக்கு ஒரு பாய் அகலம் கூட வேண்டும், தண்ணீர்க்குடமும் துணிப்பையும் எங்கே வைப்பது என்று பார்த்தால் இடமே இல்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நீங்கள் நடுவில் நீளவாக்கில் படுத்து, இரண்டு பக்கமும் பிள்ளைகளைப் போட்டுப் பாருங்கள். அப்பா வாசல் ஓரம். ராத்திரி வெளியே போக எழுந்தால் யாரையும் தாண்ட வேண்டாம்.

தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அறுவடை முடிந்த இடத்தில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும், கட்டுவிரியன் ராத்திரியில்தான் அலையும். ஜிப்பை எப்போதும் முழுக்க இழுத்து மூடுங்கள், செருப்பை உதறிப் போடப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் மேலே இருக்கிற வலை ஜன்னலைப் பனி என்று மூடிவிடாதீர்கள், அதை மூடினால்தான் உள்ளே ஈரம் நிற்கும்.

இன்னொன்று, டென்டுக்குக் கிழக்கே மரம் இருக்கிற மாதிரி இடம் பாருங்கள். இல்லையென்றால் ஏழு மணிக்கெல்லாம் உள்ளே வெந்துவிடும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதினதற்கு எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே திண்ணையில் கோலமாவால் கட்டம் போட்டுப் பார்த்தோம். நான் பார்த்து வைத்திருந்த ஆறு பேர் டென்டின் உள்தரை 300க்கு 210, வளைந்த வகை. என் குதிகால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது, மகள் செங்கல் எடுத்துவந்து அங்கே வைத்து ‘அப்பா கால் இங்கே’ என்று எழுதிவிட்டாள். அதை விட்டுவிட்டேன். இப்போது 420க்கு 240, நேர்ச்சுவர், நடுவில் திரை போட்டு இரண்டு அறையாகப் பிரிக்கிற ஒன்று பார்த்திருக்கிறேன். உயரம் 205. அப்பாவுக்குத் தனி அறை மாதிரி ஆகிவிடும்.

ஒரு சந்தேகம் பாக்கி. கோடையில் கொள்ளிடத்து மணல்திட்டில் போடலாமா என்று மகன் கேட்கிறான்.

கல்லணைக்கால்வாய் எழுதியது:

240 நீளம் நேர்ச்சுவரில் என்றால் தாராளம், அதையே வாங்குங்கள். திரையைப் பகலில் சுருட்டிக் கட்டிவிடுங்கள், காற்று குறுக்கே ஓடட்டும்.

மணல்திட்டு வேண்டாம் தம்பி. மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பதுதான் வழக்கம் என்றாலும் அந்தத் தேதியை வைத்து ஆற்றை நம்ப முடியாது, தேதி முன்னே பின்னே போகும். உபரித் தண்ணீரை முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில்தான் திருப்புவார்கள், ராத்திரியில் தண்ணீர் வந்தால் சத்தம் கேட்டு எழுந்திருப்பதற்குள் திட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். பையனைக் கரைக்கு மேலே யாருடைய தோப்பிலாவது கேட்டுப் போடச் சொல்லுங்கள், சாயங்காலம் ஆற்றில் இறங்கி விளையாடிவிட்டு வரட்டும்.