முதியோர் வழக்குகளை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா?

நாலாவது வருட ஜூனியர்:
வணக்கம். தென் மாவட்டத்தில் பிராக்டிஸ். சீனியர் ஆபீசில் செக் கேஸும் விபத்து கேஸும்தான். போன மாதம் எங்கள் தெருப் பாட்டிக்கு, 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டப்படி ஜீவனாம்ச மனு எழுதிக் கொடுத்தேன். விசாரணை அன்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் "வக்கீல் உள்ளே வரக்கூடாது" என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மகன் எதிரே உட்கார்ந்ததும் பாட்டி வாயே திறக்கவில்லையாம். மாதம் 1,500 என்று ஆணை. எனக்கு இந்த வேலையிலேயே இருந்துவிட ஆசை. சீனியர் சிரிக்கிறார், "ஃபீஸ் யாருப்பா கொடுப்பா?" என்று. இதை மட்டும் வைத்துப் பிழைக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காவிரிக்கரை வக்கீல்:
இருக்கிறேன் தம்பி. பத்தொன்பது வருடமாகிறது, இன்னும் பட்டினி கிடக்கவில்லை.

முதலில் ஒரு திட்டு. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படிக்காமலா போனீர்கள்? கோட்டாட்சியர் நடத்தும் இந்தத் தீர்ப்பாயத்தில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. எந்தத் தீர்ப்பாயத்திலும் ஆஜராக நமக்கு உரிமை தரும் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவுக்கு முன்னால் அது நிற்காது என்று 2021-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகல் எப்போதும் என் பையில் இருக்கும். சில அதிகாரிகள் வாங்கிப் படிப்பார்கள், சிலர் ஃபேனைப் பார்ப்பார்கள். ஆனால் 18-ஆம் பிரிவு கையில் இருக்கிறதே. பாட்டி கேட்டிருந்தால் பராமரிப்பு அலுவலர் அவருக்காகப் பேசியிருக்க வேண்டும்.

ஃபீஸுக்கு வருகிறேன். ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பே மாதம் 10,000. அதில் நமக்கு என்ன தேறும்? என் அடுப்பு எரிவது பத்திரத்தால்.

ஒரு அம்மா, எழுபதைத் தாண்டியவர், மஞ்சப்பையில் தான செட்டில்மெண்ட் பத்திரத்தோடு வந்தார். வீட்டை இளைய மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்தார். ஆறு பக்கப் பத்திரம். நான்கு எல்லை, மின் இணைப்பு எண், கொல்லையில் இருக்கும் ரெண்டு தென்னை வரைக்கும் எழுதியிருந்தது. அம்மாவுக்குச் சோறு போடுவதைப் பற்றி ஒரு வரி இல்லை. 23-ஆம் பிரிவில் ரத்து கேட்டால், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும். தோற்றோம். இப்போதாவது 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம் தாராளமாகப் பொருள்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அன்பும் பாசமுமே உள்ளடங்கிய நிபந்தனைதான் என்று அதே வருடம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. அந்த அம்மா வந்தது இதற்கெல்லாம் ரொம்ப முன்னால்.

அதற்கப்புறம்தான் பத்திர எழுத்தர்களிடம் போய், பெரியவர்கள் வந்தால் கையெழுத்துக்கு முன்னால் என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்டேன். வரைவைப் படித்து நிபந்தனை சேர்த்துத் தர 1,500 ரூபாய் வாங்குகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேரிடம் செட்டில்மெண்டே வேண்டாம், உயில் எழுதுங்கள், கடைசிவரை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புகிறேன். எழுத்தர்களுக்கு என் மேல் கொஞ்சம் கோபம்தான்.

ஹைகோர்ட் வராண்டா:
காசு வேண்டுமென்றால் பாதுகாவலரை நியமிக்கச் சொல்லிக் கேட்கும் ரிட் மனுக்கள் பக்கம் வாருங்கள். கோமாவில் இருப்பவருக்கு நேரடியாகப் பொருந்தும் சட்டம் இல்லாததால் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகிறோம். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பேரம் பேசுவதில்லை.

நாலாவது வருட ஜூனியர்:
நன்றி சார். மேடம், ஒரு சந்தேகம். உயில் எழுத மகன் கூட்டி வருகிறார், ஃபீஸும் அவரே கொடுக்கிறார். அப்போது நம் கட்சிக்காரர் யார்?

காவிரிக்கரை வக்கீல்:
அம்மாதான். மகனை முதலில் டீ வாங்க அனுப்பிவிடுவேன், கடை ரெண்டு தெரு தள்ளி. கதவைச் சாத்தியதும் ஒரு அம்மா கேட்டார், "வீடு கிடக்கட்டும் கண்ணு, இந்த ரெண்டு வளையலும் பேத்திக்குன்னு அவனுக்குத் தெரியாம எழுத முடியுமா?" மகன் இருந்தவரைக்கும் அவர் சொன்ன ஒரே வார்த்தை "சரி".

அது இருக்கட்டும், உங்கள் பாட்டிக்கு ஆணை எந்தத் தேதியில் வந்தது? 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு போடலாம். நாளைக்கே போய் நகல் வாங்குங்கள்.