புதுப்பிப்பு: பியூட்டேன் கலவையின் ஆவி அழுத்தக் கணக்கு

ரீட் ஆவி அழுத்தம் (எரிபொருள் எவ்வளவு எளிதில் ஆவியாகிறது என்பதைக் காட்டும் அளவு) 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) உள்ள அடிப்படைப் பெட்ரோல் 95 பங்கோடு, 52 பிஎஸ்ஐ உள்ள பியூட்டேன் 5 பங்கைக் கலந்தால் 9.25 வர வேண்டுமே, அளந்தால் ஏன் கூடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பிழை என் நேர்கோட்டுச் சராசரியில்தான் இருந்தது. ஒவ்வொரு கூறின் அழுத்தத்தையும் 1.25 அடுக்குக்கு உயர்த்தி, கிடைத்த 11.39, 139.6 ஆகிய குறியீடுகளைக் கன அளவு விகிதப்படி கூட்டினால் 17.8 வருகிறது, அதை 0.8 அடுக்குக்கு உயர்த்தினால் விடை 10.0 பிஎஸ்ஐ. அளந்த மதிப்பும் இதை ஒட்டியே இருக்கிறது.

எத்தனால் சேர்ப்பவர்கள் மட்டும் இந்தச் சூத்திரத்தை அப்படியே நம்ப வேண்டாம். தனித்திருக்கையில் ஏறத்தாழ 2.3 பிஎஸ்ஐ மட்டுமே கொண்ட எத்தனால், பெட்ரோலின் ஹைட்ரோகார்பன்களுக்கிடையே, தன் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை இழந்து எளிதில் ஆவியாவதால், 10 விழுக்காடு சேரும்போது கலவையின் அழுத்தத்தைக் குறைக்காமல் சுமார் 1 பிஎஸ்ஐ உயர்த்திவிடுகிறது.