கன்னி நாய்க் குட்டிகளில் எதை எடுப்பது? ஓட்டம் பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் கன்னி இன நாட்டு வேட்டை நாய் குட்டி போட்டிருக்கிறது. மூன்று மாதம் ஆகிறது. முதல் குட்டியை என்னைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முயல் வேட்டைக்கு இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். துணியை இழுத்து, அதை விரட்டி ஓடவிடத்தான்.

கயிற்றில் வெள்ளைத் துணியைக் கட்டி இழுத்தால் எல்லாக் குட்டியும்தான் பாய்கிறது. அதை வைத்து என்ன முடிவு செய்வது? கன்னி மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி விரட்டும் இனம். அதனால் துணியைச் செடிக்குப் பின்னால் மறைத்துப் பார்த்தேன். மற்றவை விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டன. ஒரு பெட்டை மட்டும் மறைந்த இடத்தையே பார்த்து நின்றது, அப்புறம் சுற்றிப்போய்த் தேடியது. பெரிய கடுவன் (ஆண் குட்டி) நல்ல வேகம், நெஞ்சு இறக்கம், ஒட்டிய வயிறு, பார்க்க ராஜா மாதிரி. ஆனால் தட்டு விழுந்த சத்தத்துக்கே தொழுவத்துக்குள் புகுந்துகொள்கிறது.

எனக்கு மனசு பெட்டை மேல்தான். இந்த வயதில் தெரியும் ஆர்வம் வளர்ந்த பிறகும் நிற்குமா? சத்தப் பயம் பழக்கினால் போகுமா, ரத்தத்திலேயே வருவதா? கூட்டத்தோடு விடாமல் தனித்தனியாகச் சோதித்தால் வேறு மாதிரி தெரியுமா? எலும்பு முற்றும் முன் கடுமையாக ஓடவிடக் கூடாது என்று தெரியும். ஒரு வயது வரை துணி விளையாட்டை எந்த அளவோடு நிறுத்துகிறீர்கள்?

நிறம், சுழி பார்த்துச் சொல்பவர்கள் கோபிக்க வேண்டாம், அந்த ஆலோசனை ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.