பதில்: "பண்பாட்டு அபகரிப்பு" வேண்டாம், "தனதாக்கல்" சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சமூகத்தின் பாட்டையோ நடனத்தையோ அதைவிட அதிகாரமுள்ள இன்னொரு சமூகம் தன்னுடையதாக எடுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் cultural appropriation என்கிறார்கள். எங்கள் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில் இது.

> "பண்பாட்டு அபகரிப்பு" ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அண்ணா, யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே பெரிய வேலை இருக்கிறது. பேப்பரைத் திறந்தால் காணி அபகரிப்பு, காணி சுவீகரிப்பு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த சனங்கள் இராணுவத்தின் முட்கம்பிக்கு வெளியே நின்று சொன்ன சொல் அது. காணியை அபகரித்தால் உரியவர் உள்ளே கால் வைக்க முடியாது. பாட்டும் நெசவுக் கோலமும் அப்படியல்ல. எடுத்த பிறகும் உரியவரிடம் இருக்கும். பெயரும் மதிப்பும் காசும்தான் கைமாறும்.

"சுவீகரிப்பு" என்றால் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்து வளர்ப்பதும் நினைவுக்கு வரும். "களவு" என்றால், களவெடுப்பவருக்கு அது களவென்று தெரியும். இங்கே பலர் தெரியாமலே, ரசித்தே செய்கிறார்கள்.

அகராதியும் கைகொடுக்காது. appropriation என்ற இதே ஆங்கிலச் சொல்லுக்கு எங்கள் பாராளுமன்றத்தில் "ஒதுக்கீடு" என்று பெயர். வரவு செலவுத் திட்டத்தோடு வருவது ஒதுக்கீட்டுச் சட்டமூலம். வேரைப் பார்த்தால் இலத்தீனில் "சொந்தம்" என்ற பொருள். அதனால் "பண்பாட்டுத் தனதாக்கல்" என்று முன்வைக்கிறேன். தனதாக்கினார்கள், தனதாக்கப்பட்ட நடனம் என்று வினையாகவும் ஓடுகிறது. "தன்மயமாக்கல்" விஞ்ஞானப் பாடத்தில் வேறு பொருளுக்குப் போய்விட்டது, அதைத் தொட வேண்டாம்.

> சொல் சாதுவாக இருக்கிறது. அநியாயம் தெரியவில்லையே?

தங்கச்சி, இதைத்தான் நானும் இரண்டு நாளாக யோசித்தேன். என் சின்ன வயதில் செத்தவீட்டுக்குப் பறைமேளம் அடிக்க வந்தவர்கள் படலைக்கு வெளியேதான் நின்றார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற பேணி வீட்டுக்குள் வராது. வேலிக் கதியாலில் கொழுவியபடி வெயிலில் கிடக்கும், அடியில் துரு. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டவர்கள் உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டியிருந்த ஊர் இது. இன்றைக்கு அதே பறையைத் தமிழரின் ஆதி இசை என்று மேடையில் அடிக்கிறோம், கைதட்டுகிறோம். அடித்த குடும்பத்துப் பிள்ளை மட்டும் "இது எங்கட அப்பு அடிச்சது" என்று வகுப்பில் சொல்லக் கூச்சப்படுகிறான். பறையின் மதிப்பு எங்களிடம் வந்துவிட்டது, இழிவு அவர்களிடமே நிற்கிறது. இதைச் செய்தது வெள்ளைக்காரன் இல்லை, நாங்கள்.

இதை "அபகரிப்பு" என்று சொன்னால் எங்கள் ஆட்களே "நாங்கள் என்ன ஆமியா?" என்று எழுந்து போய்விடுவார்கள். "தனதாக்கல்" என்றால் இருந்து கேட்பார்கள். யாரிடமிருந்து, எந்த நிலையில், என்ன கொடுத்து என்ற கேள்விகளை அதற்குப் பிறகு கேட்கலாம்.

ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் இல்லாமல் இன்று கர்நாடகக் கச்சேரி குறைவு. அதை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் ஆண்டவர்களின் வாத்தியத்தை ஆளப்பட்டவர்கள் எடுத்தார்கள், அதனால் எவரும் தாழ்ந்துபோகவில்லை. அதற்கு "பண்பாட்டு இரவல்" என்று பக்கத்திலேயே ஒரு சொல் வைக்கலாம். இரவல் என்றால் யாருடையது என்ற ஞாபகமும் சேர்ந்தே இருக்கும்.

அந்த ஞாபகத்துக்காக நியூசிலாந்தில் ஒரு சட்டமே இருக்கிறது. ரக்பி ஆட்டத்துக்கு முன் அந்த நாட்டு அணி ஆடும் "கா மாட்டே" என்ற ஹாக்காவுக்காக, அதாவது அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளின் ஆட்டப்பாட்டுக்காக, 2014இல் கொண்டுவந்தது. யாரையும் ஆடாதே என்று அது தடுக்கவில்லை. வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால், அதை இயற்றியவர் ங்காட்டி தோஆ என்ற மாவோரிக் குடியின் தலைவர் தே ரௌபராஹா என்று சொல்லச் சொல்கிறது. பறைக்கு நாங்கள் அந்தளவாவது செய்திருக்கலாம்.

எங்கள் பட்டியலில் தனதாக்கல், இரவல் இரண்டையும் போட்டுவிட்டேன். உரியவரை இப்படிச் சொல்வதற்கு இப்போதைக்குப் "பெயர் சுட்டல்" என்று குறித்திருக்கிறேன், ஆனால் அது இலக்கணப் பாடம்போல் கேட்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.