மதுவை ஊருக்குள்ளேயே அளவோடு விற்பதா, அடியோடு தடுப்பதா?

கேள்வி (தென்னாப்பிரிக்கா, டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து):
அண்ணன் மகள் ஆஸ்திரேலியாவில் நர்ஸ். கேப் யார்க் பக்கம் ஆருகுன் என்ற பழங்குடி ஊருக்கு டியூட்டிக்குப் போகிறாள். பையில் ஒரு பீர் கேன்கூட இருக்கக் கூடாதாம். முன்பு அங்கே மது விற்க உரிமம் பெற்ற கான்டீன் இருந்திருக்கிறது, ஊரார் வேண்டாமென்று சொல்லியும் 1985இல் திறந்தார்களாம். "சித்தப்பா, எது தேவலை?" என்கிறாள். எனக்குத் தெரிந்தது நம் டர்பன் பீர் ஹால் (நகராட்சி நடத்திய பீர்க் கடை) கதைதான், அதுவும் அரைகுறை. பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1:
தம்பி, நான் இங்கே டர்பனில் கேட்டோ மேனரில் பிறந்தவன். அப்பாவுக்கு அங்கே முட்டைக்கோஸ் தோட்டம். பின்னால் குடிசை போட்டிருந்த ஜூலு அம்மா ஒருவர் சோளப் பீர் காய்ச்சி, டின்னோடு எங்கள் பாத்தியில் புதைத்து வைப்பார். போலீஸ் இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திப் பார்க்கும். வேன் வந்தால் விசிலடிப்பது என் வேலை. கூலி, ஒரு வேகவைத்த மக்காச்சோளம். (வாடகை வாங்கிக்கொண்டே அவரைப் பார்த்து முகம் சுளித்த நம்மவர்களும் உண்டு.)

அவர் காய்ச்சினால் ஏன் குற்றம்? 1908இல், டர்பன் இருக்கும் நேட்டாலில் வந்த சட்டத்தால், ஆப்பிரிக்கர்களுக்குச் சோளப் பீர் காய்ச்சி விற்கும் உரிமையை டர்பன் நகராட்சி தனக்கே வைத்துக்கொண்டது. அந்த லாபத்தில்தான் அவர்களுக்கான விடுதியும் நிர்வாகமும். புருஷன் சம்பளம் பீர் ஹாலுக்கு, பெண்டாட்டி ஜெயிலுக்கு. 1959 ஜூனில் பெண்கள் கம்போடு பீர் ஹாலுக்குள் புகுந்தார்கள். எனக்கு ஒன்பது வயது; அம்மா கதவைத் தாழ்போட்டுவிட்டார்.

ஆருகுன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலும் கான்டீன் லாபத்தை நம்பித்தான் பல ஊர் மன்றங்கள் ஓடின. குடி குறைந்தால் மன்றத்துக்கே நஷ்டம். பிறகு யார் குறைப்பார்கள்? மன்றங்கள் உரிமம் வைத்திருக்கக் கூடாதென்று 2008இல்தான் சட்டம் வந்தது. கல்லா யாரிடம் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

பதில் 2 (டர்பன், ஃபீனிக்ஸ்):
ஐயா சொல்வது சரி, ஆனால் பாதிதான். இங்கே 1962வரை ஆப்பிரிக்கர்களுக்குப் பிராந்தி, விஸ்கி தடை. ஷெபீன் என்கிற திருட்டுச் சாராயக் கடை நின்றதா? தடை போட்டால் கள்ள விலை ஏறும், அவ்வளவுதான். என் தெருமுனையில் ஒரு டேவர்ன் (உரிமம் பெற்ற மதுக்கடை) இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி சத்தத்தில் தூங்க முடியாது. அதற்கு உரிமம் கொடுக்கும்போது எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆருகுன் பெண்களைக் கேட்டார்களா?

கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. அண்ணன் மகளுக்கு அனுப்பிவிட்டேன். ஐயா, அந்த டின்னை போலீஸ் கண்டுபிடித்ததா?

பதில் 1:
இல்லை தம்பி. அப்புறம் அரசாங்கம் எங்களையே அங்கிருந்து கிளப்பிவிட்டது. டின் அங்கேயேதான் கிடக்கும்.